பழைய ரோட்ஸ்டரும் புது எஸ்யூவியும்: எல்லாம் எடை செய்யும் வேலை

வீட்டில் ரோட்ஸ்டர் எனப்படும், கூரை திறக்கும் ஒரு பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரு புது குடும்ப எஸ்யூவியும் நிற்கின்றன என்று தெரிந்தால், எல்லோரும் முதலில் கேட்பது "எது ஸ்பீடு?" என்பதைத்தான். எஸ்யூவிதான் என்று சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. மீதிப் பேருக்கு முகம் வாடிவிடுகிறது.

பழையது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமான வகை. மியாட்டா என்றால் சிலருக்குச் சட்டென்று புரியும். 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 115 குதிரைத்திறன் அளவு, ஐந்து கியர், துணிக்கூரை, பானட்டிலிருந்து மேலே எழும்பும் ஹெட்லைட். எடை ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கீழே. புதியது 2.5 லிட்டர் ஹைப்ரிட். இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து 220 குதிரைத்திறன் அளவுக்குத் தரும். எடை 1,700 கிலோவுக்குப் பக்கத்தில். நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட எம்எக்ஸ்-5க்கு 9 நொடி முன்னே பின்னே ஆகும். எஸ்யூவிக்கு 8 நொடிச் சொச்சம் போதும். பெட்ரோல் கணக்கும் அப்படித்தான். பழையது 100 கி.மீ.க்கு 8 லிட்டருக்கு மேல் குடிக்கும். அதைவிட இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவான எடையுள்ள புதியது 6 லிட்டரைத் தாண்டுவதே அபூர்வம்.

ஆக, காகிதத்தில் போட்டியே இல்லை. அப்புறம் ஏன் பழையதை விற்காமல் வைத்திருக்கிறாய் என்பது அடுத்த கேள்வி. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்ததில் எனக்குப் புரிந்த பதில் எடைதான். பிக்கப், பிரேக், ஸ்டியரிங், டயர், சத்தம், பாதுகாப்பு, சர்வீஸ் என எதைத் தொட்டாலும் கடைசியில் இந்த 700 கிலோ வித்தியாசத்தில்தான் வந்து நிற்கிறது.

கணக்கைப் பார்த்துவிடலாம். ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் எடையோடு நேராகவும், வேகத்தோடு அதன் வர்க்கமாகவும் கூடும். 970 கிலோ வண்டி 100 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் உள்ள ஆற்றல் சுமார் 374 கிலோஜூல். அதே வேகத்தில் 1,700 கிலோ வண்டியிடம் சுமார் 656 கிலோஜூல். நிறுத்த வேண்டுமானால் பிரேக்கும் டயரும் சேர்ந்து இவ்வளவையும் சூடாக மாற்றியாக வேண்டும். எஸ்யூவியின் பெரிய பிரேக் டிஸ்க், அகலமான டயர், பிரேக்கை அழுத்தும்போது மோட்டார் ஆற்றலைத் திரும்ப எடுத்து பேட்டரிக்குள் போடும் ஏற்பாடு எல்லாம் இந்தக் கூடுதல் ஆற்றலைச் சமாளிக்க உதவுகின்றன. நன்றாகவே சமாளிக்கின்றன, அவசர பிரேக்கில் எஸ்யூவியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த வேலை நடப்பது ஓட்டுகிறவனுக்குத் தெரியாது. பழைய காரில் ஒவ்வொன்றும் தெரியும்.

ஒரு வளைவை எடுத்துக்கொள்கிறேன். பெரிய வேகம் வேண்டாம், 60 போதும். எம்எக்ஸ்-5இல் வளைவுக்கு முன் நான்காம் கியரிலிருந்து மூன்றுக்கு இறக்குகிறேன். கியர் குச்சியின் அசைவு மிகக் குறைவு, மணிக்கட்டு மட்டும் அசைந்தால் போதும். பிரேக்கை லேசாகத் தொட்டதும் மூக்கு ஒரு விரற்கடை இறங்குகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது என்பது உள்ளங்கைக்கு வந்துவிடும். பிடி குறையக் குறைய ஸ்டியரிங் கனம் குறையும். இடுப்புக்குக் கீழேயே பின்சக்கரம் இருப்பதால் பின்பக்கம் என்ன செய்கிறது என்பதை முதுகே சொல்லிவிடும். வளைவு முடியும் இடத்தில் ஆக்சிலேட்டரைக் கொடுத்தால் பின்சக்கரம் தள்ள, வண்டி நேராகிவிடும். மொத்தமே சில நொடிதான். அதற்குள் கை, கால், காது எல்லாவற்றுக்கும் வேலை இருந்தது.

இது தற்செயலாக வந்ததல்ல. இன்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய பாதிப் பாதி. நான்கு சக்கரத்திலும் இரட்டை விஷ்போன் சஸ்பென்ஷன், அதாவது வண்டி சாய்ந்தாலும் டயர் சாலையில் தட்டையாகப் படிய வைக்கும் அமைப்பு. கியர்பாக்ஸையும், பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலையும் ஒரு அலுமினியச் சட்டத்தால் இணைத்திருப்பதால், ஆக்சிலேட்டரை விட்டு விட்டு அழுத்தினாலும் நடுவில் ஆட்டம் இல்லை. 1960களின் சின்ன பிரிட்டிஷ் ரோட்ஸ்டர்களின் சுகத்தை, எண்ணெய் ஒழுகாத நம்பகமான வண்டியில் கொடுக்க நினைத்தார்கள். 2016இல் இந்த வகை வண்டிகளின் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தொட்டது. இத்தனை விற்ற இரண்டு சீட் ரோட்ஸ்டர் வேறில்லை.

அதே வளைவு, அதே 60, எஸ்யூவியில். ஸ்டியரிங் லேசு, ஒரு விரலால் திருப்பலாம். வண்டி மெல்லச் சாய்ந்து, தன் பாட்டுக்குத் திரும்பி, வெளியே வந்துவிடுகிறது. பின்சீட்டில் இருப்பவர் கையிலிருக்கும் தண்ணீர் பாட்டில் கூட அசையவில்லை. நான் ஒன்றும் செய்யவில்லை, செய்ய வேண்டியதும் இல்லை. குடும்ப வண்டிக்கு இதைவிட நல்ல சான்றிதழ் என்ன வேண்டும்?

என் மகள் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டாள்: "அப்பா, சின்ன வண்டில 60லயே பறக்கிற மாதிரி இருக்கு. பெரிய வண்டில 100 போனாலும் தூக்கம்தான் வருது."

இதில் வேடிக்கையைத் தாண்டி ஒரு நடைமுறை விஷயம் இருக்கிறது. வேகத்தை நாம் உணர்வது மீட்டரைப் பார்த்தல்ல. சாலையிலிருந்து கண் எவ்வளவு உயரம், காற்றுச் சத்தம் எவ்வளவு, இருக்கை எவ்வளவு அதிர்கிறது என்பவைதான் மூளைக்கு வேகத்தைச் சொல்கின்றன. தாழ்ந்த இருக்கை, திறந்த கூரை, ஐந்தாம் கியரில் 100இல் போகும்போதே நிமிஷத்துக்கு 3,000 சுற்றைத் தாண்டி முனகும் இன்ஜின் என்று எம்எக்ஸ்-5இல் எல்லாமே 'வேகம், வேகம்' என்று கத்துகின்றன. எஸ்யூவியில் உயரமான இருக்கை, தடித்த கண்ணாடி, அமைதி. அதனால் எஸ்யூவியில் வேகம் தெரியாமல் ஏறிவிடும். நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி ஊருக்குள் நுழையும்போது 50க்கு வந்துவிட்டோம் என்று நினைத்துப் பார்த்தால் மீட்டர் 70 காட்டும். இதற்கு எனக்கு உதவுவது, நாம் வைத்த வேகத்தைத் தாண்ட விடாத வேக வரம்பு அமைப்புதான். பல புது வண்டிகளில் க்ரூஸ் கன்ட்ரோல் பட்டன்களுக்குப் பக்கத்திலேயே அது இருக்கும். பலர் தொட்டே பார்ப்பதில்லை. ஊருக்குள் நுழைந்ததும் ஒரு பட்டன், முடிந்தது வேலை.

நீண்ட பயணத்தைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. எஸ்யூவிதான். நான்கு பேர், பெட்டிகள், ஏசி, வழியில் மழை, பாதிச் சாலை மோசம் என்று எது வந்தாலும் கவலையில்லை. எம்எக்ஸ்-5இல் கூரையை மூடி நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் போனால் இறங்கியபின்னும் காதில் இரைச்சல் கேட்டுக்கொண்டே இருக்கும். டிக்கியில் இரண்டு மென்மையான பை வைக்கலாம். கெட்டியான சூட்கேஸ் என்றால் அளந்து பார்த்துத்தான் வாங்க வேண்டும். அந்த டிக்கியிலேயே பேட்டரியும் ஸ்டெப்னியும் பங்கு கேட்கின்றன.

எடை கூடும்போது எந்த வண்டி எப்படி மாறுகிறது என்பதை மட்டும் கவனித்துப் பாருங்கள். சின்ன வண்டியில் பக்கத்து சீட்டில் ஒருவர் ஏறினாலே மேட்டில் ஒரு கியர் குறைக்க வேண்டியிருக்கும். எஸ்யூவியில் நான்கு பேரும் சாமானும் ஏறினாலும் ஓட்டத்தில் பெரிதாகத் தெரியாது. ஆனால் டயருக்குத் தெரியும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். பல வண்டிகளில் அதில் இரண்டு வகைக் காற்றழுத்தம் போட்டிருப்பார்கள்; குறைவான சுமைக்கு ஒன்று, முழுச் சுமைக்கு ஒன்று. முழுக் குடும்பமும் சாமானும் ஏறும் நாளில் இரண்டாவதைப் பின்பற்றினால் டயரும் சூடாகாது, வளைவில் பின்பக்கம் மிதப்பதும் குறையும்.

இனி பாதுகாப்பு. இங்கே சமாதானம் பேச இடமில்லை. ஐரோப்பாவில் யூரோ என்கேப் மோதல் சோதனை முடிவுகள் வெளிவரத் தொடங்கியதே 1997இல். எம்எக்ஸ்-5இன் உடல் அதற்கு முந்தைய காலத்தது. வண்டி சறுக்கும்போது தானே சக்கரங்களைத் தனித்தனியாகப் பிரேக் பிடித்து நேராக்கும் ஈஎஸ்சி அமைப்பு ஐரோப்பாவில் எல்லாப் புது கார்களுக்கும் 2014 நவம்பரிலிருந்துதான் கட்டாயம்; அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்து. பழைய வண்டியில் அது கிடையாது. பக்கவாட்டு ஏர்பேக் கிடையாது. தலைக்கு மேலே துணிதான். கவிழ்ந்தால் முன்கண்ணாடிச் சட்டத்தை நம்ப வேண்டியதுதான். ஒரு பெரிய வண்டி மோதினால், எடை குறைந்தது எப்போதும் அதிக அடி வாங்கும். இது பௌதிகம், ஓட்டும் திறமையால் மாற்றிவிட முடியாது.

அதனால் எனக்கு நானே சில விதிகள் போட்டுக்கொண்டிருக்கிறேன். கனமழையில் எம்எக்ஸ்-5 வெளியே வராது. பின்சக்கர இழுவை, குறைந்த எடை, ஈஎஸ்சி இல்லாமை மூன்றும் ஈரச் சாலையில் சேர்ந்தால் ரவுண்டானாவில் பின்பக்கம் முன்னே வரப் பார்க்கும். லாரிக்குப் பக்கத்தில் இணையாக ஓட்டுவதில்லை. அதன் சக்கர நட்டுகள் என் கண்ணுக்கு நேராக இருக்கின்றன, அப்படியானால் அந்த ஓட்டுநரின் கண்ணாடியில் நான் இல்லவே இல்லை. ஒன்று முன்னே போய்விடுவேன், இல்லை பின்னே வந்துவிடுவேன். பகலிலும் விளக்கைப் போடுவேன். எழும்பும் ஹெட்லைட் என்பதால் பார்ப்பவர்கள் சிரிக்கலாம், ஆனால் பார்க்கிறார்கள், அது போதும். வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்க சீட்டுக்குப் பின்னால் ரோல் பார் என்ற வளைந்த இரும்புக் கம்பி போட நினைப்பவர்கள், தலைக்கு அருகில் வரும் இடத்தில் கெட்டியான பேடிங் கட்டாயம் சுற்றுங்கள். மோதலில் வெறும் இரும்பில் தலை பட்டால் கம்பியே ஆபத்தாகிவிடும்.

எஸ்யூவிக்கும் தன் ஆபத்து உண்டு, அது வெளியே இருப்பவர்களுக்கு. உயரமான பானட்டுக்கு முன்னால் சின்னக் குழந்தை நின்றால் ஓட்டுநர் இருக்கையிலிருந்து தெரியாது. பின்பக்கம் கேமரா உண்டு; முன்பக்கம் பல வண்டிகளில் கிடையாது. வீட்டு வாசலில் புறப்படும்போது ஏறுவதற்கு முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவது பழக்கமாகிவிட்டது. பழைய காரில் இந்தப் பிரச்சினை இல்லை; உட்கார்ந்தால் குழந்தையும் நானும் ஒரே உயரம்.

சரி, பராமரிப்பு. கேட்கிறவர்கள் எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான், ஆனால் தவறான இடத்தில் பயப்படுகிறார்கள். 30 வயது காரில் இன்ஜின் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கெடுவது ரப்பரும் பிளாஸ்டிக்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவற்றுக்கு வயதாகும். கூலன்ட் குழாய், பிரேக் குழாய், சஸ்பென்ஷன் புஷ், ஜன்னல் பீடிங், கிளட்ச் சிலிண்டரின் சீல் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். ஓடோமீட்டரில் குறைந்த கிலோமீட்டர் காட்டும் பழைய காரைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். நிறைய நாள் நின்ற கார்தான் செலவு வைக்கும். மிதமாக ஓடி, விடாமல் சர்வீஸ் செய்யப்பட்டதுதான் நல்ல கார்.

இன்ஜினின் வால்வுகளை நேரம் பிசகாமல் திறந்து மூட வைக்கும் டைமிங் பெல்ட்டை 1 லட்சம் கி.மீ. அளவில் மாற்றச் சொல்வார்கள். ஓடாமல் நின்ற வண்டி என்றால் கிலோமீட்டரைப் பார்க்காதீர்கள், வருஷத்தைப் பாருங்கள். எப்போது மாற்றினார்கள் என்ற ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இன்ஜினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாது என்பது ஒரு ஆறுதல். வழியில் நிற்பீர்கள், இன்ஜின் போகாது. வேறு பல இன்ஜின்களில் இந்த ஆறுதல் கிடையாது, கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பெல்ட்டைக் கழற்றும்போதே வாட்டர் பம்பையும் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம், இரண்டுக்கும் ஒரே கூலி. ரேடியேட்டரின் மேல்தொட்டி பிளாஸ்டிக். புதிதில் கறுப்பாக இருக்கும். வயதாக ஆக அழுக்குப் பழுப்புக்கு வந்துவிடும். பழுப்பாகிவிட்டால் விரிசலுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஈரம் ஏறினால் கொதிநிலை குறையும், மலைச்சாலை இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. ஸ்போர்ட்ஸ் காரில் பட்டன் தேய்வதற்குள் டயருக்கு வயதாகிவிடும். பார்க்கப் புதுசாக இருக்கும், கெட்டியாகி ஈரத்தில் பிடிக்காது. பத்து வயது டயரோடு யாராவது விற்க வந்தால், டயர் புதுசு என்று அவர் சொல்வதை ஒதுக்கிவிட்டு நான்கு டயர் விலையைக் கழித்துப் பேசுங்கள். எம்எக்ஸ்-5க்கு வரும் 185/60 ஆர்14 அளவில் டயர் கிடைக்கும். ஆனால் நல்ல பிடிமானமுள்ள ரகங்கள் பெரிய சக்கரங்களுக்கே வருகின்றன, தேடத்தான் வேண்டும். எஸ்யூவியின் 18 அங்குல டயர் எங்கும் கிடைக்கும்; பில்லைப் பார்க்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

கொஞ்சம் நின்று சொல்ல வேண்டியது துரு. இந்த வகை வண்டியில் அது ஆரம்பிப்பது பின்சக்கரத்துக்கு முன்னால், கதவுக்குக் கீழே ஓடும் ஸில் பகுதியின் கடைசியில். காரணம் கூரை. துணிக்கூரையின் பின்விளிம்பில் விழும் மழைநீர் சீட்டுகளுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு துளை வழியாக இறங்கி, பின்சக்கரத்துக்கு முன்னால் கீழே சொட்ட வேண்டும். இலைச் சருகும் தூசியும் துளையை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளே வழியும். கம்பளத்துக்கு அடியில் தேங்கும், ஸில்லுக்குள் ஊறும். வெளியே பெயின்ட் பளபளக்கும்போதே உள்ளே இரும்பு அப்பளமாகிக்கொண்டிருக்கும். மழைக்காலத்துக்கு முன் நான் செய்வது இதுதான்: புல்வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் நைலான் நரம்பு ஒரு துண்டை எடுத்து, துளைக்குள் மெதுவாகச் செருகி மேலும் கீழும் இழுப்பேன். இரும்புக் கம்பி கூடாது, உள்ளே இருக்கும் பழைய பிளாஸ்டிக் குழாய் உடைந்துவிடும். கறுப்புச் சேறு ஒட்டிக்கொண்டு வரும். பிறகு ஒரு பாட்டில் தண்ணீரைச் சன்னமாக ஊற்றிவிட்டுக் கீழே குனிந்து பார்த்தால், பின்சக்கரத்துக்கு முன்னால் சீராகச் சொட்ட வேண்டும். சொட்டவில்லையென்றால் திரும்பவும் நரம்பு. பெரிய வேலை ஒன்றுமில்லை, ஆனால் இதைச் செய்யாத வண்டிக்கு வெல்டிங் வேலை நிச்சயம்.

கூரையைப் பற்றியும் ஒன்று. பின்கண்ணாடி பிளாஸ்டிக், அதைச் சுற்றி ஜிப் இருக்கும். கூரையை இறக்குமுன் ஜிப்பைத் திறந்து கண்ணாடியைப் படுக்க வைக்க வேண்டும். அப்படியே மடித்தால் மடிப்பில் வெடிக்கும், குளிர்காலத்தில் இன்னும் சீக்கிரம். டிக்கியில் இருக்கும் பேட்டரிக்கு ஆவி வெளியேறும் குழாயோடு கூடிய மூடிய ரகமே போட வேண்டும். சாதாரண பேட்டரி போட்டால் அமில ஆவி டிக்கியின் தரையைத் தின்றுவிடும்.

எப்போதாவது ஓட்டும் வண்டியை எப்படி ஓட்டுவது என்பதற்கும் ஒரு முறை உண்டு. ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிஷம் நிற்க வைத்து அணைப்பது ஓட்டாமல் விடுவதைவிட மோசம். இன்ஜின் ஆயிலிலும் சைலன்சரிலும் ஈரம் சேரும், போகாது. ஓட்டினால் அரை மணி நேரமாவது, ஆயில் நன்றாகச் சூடாகும்வரை ஓட்ட வேண்டும்.

எஸ்யூவியின் பராமரிப்பு வேறு ரகம். நானாகச் செய்ய அதிகமில்லை. கெட்டால் என்னால் செய்யவும் முடியாது. முன்கண்ணாடியில் கல் பட்டு விரிசல் விட்டது. பழைய காலத்தில் கண்ணாடியை மாற்றி அனுப்பிவிடுவார்கள். இதில் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருக்கிறது. லேனைப் பார்ப்பதும் அவசர பிரேக் போடுவதும் அதுதான். கண்ணாடி மாற்றினால் அந்தக் கேமராவை அளவு பார்த்துத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். அந்த வேலை தெரிந்தவரா என்று முதலில் கேட்டுவிட்டுக் கண்ணாடி மாற்றக் கொடுங்கள். எலக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் உள்ள வண்டியில் பின்பிரேக் பேட் மாற்ற, அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பழைய மாதிரி கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே மோட்டார் போய்விடும்.

ஹைப்ரிட்டில் எதிர்பாராத ஒன்று பிரேக். பாதி வேலையை மோட்டாரே செய்துவிடுவதால் பேட் தேய்வதே இல்லை. நல்லதுதானே என்று விட்டுவிட்டால், வேலையில்லாத டிஸ்க் துருப்பிடிக்கும், பேடை டிஸ்கில் அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஊசி இறுகிக்கொள்ளும். வருஷத்துக்கு ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். பல ஹைப்ரிட்களில் பெரிய பேட்டரிக்குக் காற்று இழுக்கும் வாய் பின்சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும். அதன்மேல் போர்வை, பை போட்டு மூடக்கூடாது. அங்கே இருக்கும் சல்லடையில் பஞ்சும் நாய்முடியும் சேரும், அதையும் தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும். இதைச் சொல்லாமலே சர்வீஸ் முடித்து அனுப்புகிற இடங்கள் உண்டு. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று யாராவது சொன்னால், யாருடைய ஆயுசுக்கு என்று கேளுங்கள். வண்டியைப் பத்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்க நினைப்பவர்கள் இடையில் ஒருமுறை மாற்றிவிடுவது நல்லது.

திரையைப் பற்றி எனக்கு ஒரு எரிச்சல் உண்டு, சொல்லிவிடுகிறேன். எம்எக்ஸ்-5இல் ஏசிக்கும் காற்றுக்கும் சில திருகுகளும் ஒரு தள்ளுகுச்சியும்தான். கண்ணை எடுக்காமல் கை போய்விடும். எஸ்யூவியில் கண்ணாடியில் பனி படிந்தால் திரையில் ஒரு படத்தைத் தேடித் தொட வேண்டும், அது வேறு பக்கத்தில் ஒளிந்திருக்கும். பனி படிந்து சாலை தெரியாத அந்த நேரம் பார்த்துத்தான் திரையைப் பார்க்கச் சொல்கிறது! அடுத்த எஸ்யூவி வாங்கும்போது இதற்குத் தனிப் பட்டன் உள்ளதைத்தான் பார்ப்பேன்.

பணத்தைப் பொறுத்தவரை, எஸ்யூவியின் பெரிய செலவு கண்ணுக்குத் தெரியாதது: மதிப்புக் குறைவு. வாங்கிய முதல் சில வருஷத்தில்தான் அதிகம் விழும். பழைய ஸ்போர்ட்ஸ் கார் விழ வேண்டியதெல்லாம் விழுந்து முடிந்துவிட்டது. நல்ல நிலையில் வைத்திருந்தால் மேலே கூடப் போகும். ஆனால் அதை முதலீடு என்று சொல்லிக்கொண்டு வாங்குகிறவர்களை நான் நம்புவதில்லை. நிறுத்தும் இடம், இன்ஷூரன்ஸ், மாறிக்கொண்டே இருக்கும் ரப்பர் எல்லாம் சேர்த்தால் லாபம் மிஞ்சாது. இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது முன்கூட்டியே மதிப்பை ஒப்புக்கொள்ளும் வகை கிடைத்தால் அதையே எடுங்கள், படங்களோடும் ரசீதுகளோடும். இல்லையென்றால் விபத்தில் 30 வயது காருக்கு இரும்பு விலைதான் போடுவார்கள்.

ஒரே ஒரு வண்டிக்குத்தான் இடம் என்றால் எஸ்யூவியை வாங்குங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதில் இரண்டாவது கருத்து எனக்கில்லை. இரண்டாவதுக்கு இடமும், வார இறுதியில் கை அழுக்காக்கிக்கொள்ளும் ஆசையும் இருந்தால் மட்டும் பழையதைப் பாருங்கள். பார்க்கப் போகும்போது முதல்நாள் மழை பெய்திருந்தால் இன்னும் நல்லது. சீட்டுக்குப் பின்னால் கம்பளத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் துளை அடைத்திருக்கிறது. ஸில்லின் கடைசியை விரல் முட்டியால் தட்டுங்கள். மற்ற இடத்தில் 'டண்' என்று கேட்பது அங்கே 'டொப்' என்றால் உள்ளே இரும்பு இல்லை, பட்டிதான். அடியில் மட்டும் புதுசாகக் கறுப்பு பூச்சு அடித்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்குமுன் சூடாக்கி வைத்திருந்தால் காரணம் இருக்கும். கொஞ்ச நேரம் டிக் டிக் என்ற சத்தம் வந்து நின்றால் பயப்பட வேண்டாம், வால்வு சரிசெய்யும் அமைப்பில் ஆயில் ஏறும் சத்தம் அது. சூடான பின்னும் நிற்காவிட்டால் ஆயிலும் ஃபில்டரும் எப்போது மாற்றியது என்று விசாரியுங்கள். பிறகு நேர்சாலையில் கையை லேசாக விட்டுப் பாருங்கள், இழுக்கிறதா என்று. இரண்டாம் கியரில் சுற்றை ஏற்றி, ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டுப் பின்கண்ணாடியில் பாருங்கள். நீலப்புகை வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.

எஸ்யூவியை ஓட்டிப் பார்க்கும்போது ஷோரூம்காரர் காட்டும் வழவழப்பான சாலையில் தனியாக ஒரு சுற்றுப் போய்விட்டு வராதீர்கள். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, குழந்தை சீட்டையும் எடுத்துக்கொண்டு போய், நீங்களே மாட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டு வண்டி நிறுத்தும் இடத்துக்குள் நுழைத்து, இரண்டு பக்கமும் கதவு திறக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வெளியே எடுங்கள். கிளம்புமுன் வண்டியின் எடையைக் கேளுங்கள். விற்பவருக்குச் சட்டென்று தெரியாது, உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவார். அந்த நேரத்தில் ஓடாமல் நிற்கும் வண்டியில் காற்றை எப்படிக் கண்ணாடிக்குத் திருப்புவது என்று திரையில் தேடிக்கொண்டிருக்கலாம்.